பேனரில் நிமிர்ந்த கழுத்து

தப்பே செய்யாத ஒரு மனிதர் திருடனுக்குத் தேள் கொட்டினது போல முழிப்பதை அன்று காலைதான் முதல்முறையாகப் பார்த்தேன்.

காந்தி வீதியில் எங்கள் மாடி அலுவலகம். சுடர்விழி மேடத்தின் மேஜைக்கு முன்னால் வடிவேல் உட்கார்ந்திருந்தார். லாஸ்பேட்டை ஏர்போர்ட் ரோட்டில் இளநீர் வண்டி வைத்திருப்பவர், ஐம்பதைத் தொடும் வயது. தலையில் சிவப்புத் துண்டு. தலை இடது தோள் பக்கம் சாய்ந்தே இருந்ததால், ஏதோ ரகசியம் சொல்லப் போகிறார் என்று நினைத்து நானும் என் தலையைச் சாய்த்துக்கொண்டேன். மேஜைக்கு அடியில் மேடம் என் காலை நறுக்கென்று மிதித்தார். அப்புறம்தான் அவர் கழுத்தே அப்படி என்று புரிந்தது.

செம்மல், உனக்கு அறிவு எங்கே போச்சு என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். செம்மல் என்பது நான்தான். சுடர்விழி துப்பறியும் நிலையத்தின் ஒரே உதவியாளன். டீ வாங்கி வருவது, பைக் ஓட்டுவது, திட்டு வாங்குவது மூன்றும் என் துறைகள்.

"என் சம்சாரம் அமுதவல்லி கோச்சிக்கினு போய்ட்டா மேடம்," என்றார் வடிவேல். "கனகசெட்டிக்குளத்துல அவ அண்ணன் வீட்ல இருக்கா. நாளைக்குப் பெரியவங்கள உக்கார வெச்சு அத்து விட்டுடப் போறாங்களாம்."

"என்ன காரணம்?"

அவர் காலடியில் கிடந்த சுருளைக் காட்டினார். "இந்தப் பேனரு."

நானும் அவருமாகத் தரையில் விரித்தோம். அறை பாதி அடைபட்டுவிட்டது. 'இன்று பிறந்தநாள் காணும் எங்கள் அண்ணன் வடிவேல் பல்லாண்டு வாழ்க' என்று தங்க நிற எழுத்து. வெள்ளைச் சட்டை போட்ட உடம்பு, அதன் மேல் சிவப்புத் துண்டு கட்டிய வடிவேலின் தலை. உழவர்கரையில் அவர் தெருமுனையில் விடியும்போது யாரோ கட்டிவிட்டுப் போயிருந்தார்கள்.

"மேடம், கீழ பாருங்க," என்றேன். "வெறும் ஆகாயம். ஒரு மூஞ்சிகூட இல்ல."

எங்கள் ஊரில் பேனர் வைக்கக் கூடாது என்று உத்தரவு இருக்கிறது. அந்த உத்தரவையே பேனராக அடித்துக் கட்டினால்தான் நாலு பேர் படிப்பார்கள். காது குத்துக்குப் பேனர், கல்யாணத்துக்குப் பேனர், கருமாதிக்கும் பேனர். யாரை வாழ்த்துகிறார்களோ அவர் முகம் சின்னதாகக்கூட இருக்கலாம். வாழ்த்துகிறவர் முகம் இல்லாமல் போகாது. கைக்காசைப் போட்டு, தன் முகத்தைப் போடாமல் ஒருவர் பேனர் வைத்தார் என்றால் ஏதோ வில்லங்கம் இருக்கிறது.

மேடம் அமுதவல்லிக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"நீங்க யாரு, அவரு வெச்ச வக்கீலா?"

"இல்லம்மா. அந்தப் பேனர வெச்சது யாருன்னு கண்டுபிடிக்கப் போறவ."

"கண்டுபிடிச்சு எனக்கும் காட்டுங்க. அந்த மகராசி மூஞ்சிய நான் பாக்கணும்."

"பொம்பளதான்னு எப்படிச் சொல்றீங்க?"

"எனக்கே தெரியாத பொறந்த நாளு அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. அத விடுங்க. போட்டோல அவரு கழுத்தப் பாத்தீங்களா? நேரா இருக்கு. கழுத்து சாஞ்சு அஞ்சு வருஷம் ஆவுது. அப்ப அது அதுக்கு முன்ன எடுத்த போட்டோ. எங்கிட்ட அப்படி ஒண்ணு கெடையாது. எவளோ எடுத்து இத்தினி வருஷம் பொத்திப் பொத்தி வெச்சிருக்கா." குரல் உடைந்தது. "நான் சாஞ்ச கழுத்துக்கு எண்ணெ தேச்சிக்கினு இருந்தேன். அவ நேரா இருந்த ஆள நெனச்சிக்கினு இருந்திருக்கா."

போன் பட்டென்று வைக்கப்பட்டது.

"மேடம், இந்தம்மாவ நம்ம ஆபீஸ்ல சேத்துக்கலாம்."

"சேத்துக்கலாம். உதவியாளுக்கு ஒரு நாற்காலிதான் இருக்கு, நீ எந்திரிக்கணும்."

வடிவேல் சிரிக்கவில்லை. "அவ சொல்ற மாதிரி யாரும் இல்ல மேடம், சத்தியமா. ஆனா நானும் ஒரு தப்பு பண்ணிட்டேன். அன்னிக்கு அந்தப் பேனருக்கு எதிர்ல ரொம்ப நேரம் நின்னு சிரிச்சிக்கினு இருந்தேன். நேரா நிக்கற மாதிரி இருந்துச்சு. பாக்க நல்லா இருந்துச்சு. நான் சிரிச்சத அவ பாத்துட்டா."

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். டீ சூடு என்று சொல்லிச் சமாளித்தேன்.

கழுத்து எப்படி ஆனது என்று மேடம் கேட்டார். அப்போது அவர் பெரிய மார்க்கெட்டில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். சைக்கிளில் வீட்டுக்குப் போகும்போது, வில்லியனூர் ரோட்டில் சவுக்குக் கட்டையில் கட்டியிருந்த பேனர் சாரம் காற்றுக்கு அவர் மேல் சாய்ந்துவிட்டது.

"ஒரே சாரத்துல மூணு பேனரு மேடம். போலீஸ் வரதுக்குள்ள மூணையும் அவுத்துட்டாங்க. என்னுது இல்ல, என்னுது இல்லன்னு ஆளாளுக்குக் கைய விரிச்சிட்டாங்க. எலும்பு ஒட்டிச்சு, சாஞ்சமேனிக்கு ஒட்டிச்சு. அப்புறம் எங்க மூட்டை தூக்கறது? வண்டி போட்டுட்டேன்."

மேடம் பேனரின் தலைமாட்டில் மண்டியிட்டார். அவர் துப்பறிய வருவதற்கு முன் கல்யாண ஆல்பம் செய்துகொண்டிருந்தவர். மணப்பெண்ணின் மாமாவுக்கு முடி முளைக்க வைத்த கை அது. அவர் பார்த்துக்கொண்டே இருந்தது முகத்தை இல்லை, இடது காதுக்குப் பக்கத்தில் தொங்கும் துண்டின் முனையை.

"செம்மல், இந்த முனை எப்படித் தொங்குது?"

"கொஞ்சம் வெளிப்பக்கமா. தோளுக்கு ஓடற மாதிரி."

"ஏன்?"

"காத்து அடிச்சிருக்கும்."

"வடிவேல் அண்ணே, துண்ட எப்படிக் கட்டுவீங்க?"

"வெயிலுக்கு நனைச்சு, புழியாமத்தான் கட்டுவேன் மேடம். சொட்டிக்கினே இருக்கும்."

"சொட்டச் சொட்ட நனைஞ்ச துணி, பாதி சாஞ்ச மேனிக்கு அந்தரத்துல நிக்காது. நேரா தரையப் பாத்துதான் தொங்கும்." மேடம் எழுந்தார். "நாற்காலி மேல ஏறி நேர் மேலருந்து ஒரு போட்டோ எடு."

எடுத்துக் கொடுத்தேன். மேடம் அதை லேப்டாப்பில் ஏற்றினார். திரையில் மேலிருந்து கீழே நேராக ஒரு நீலக் கோடு இழுத்து வைத்தார். பிறகு வடிவேலின் தலையை மட்டும் வெட்டியெடுத்து, துண்டு முனை அந்தக் கோட்டோடு ஒட்டி நிற்கும்வரை மெல்லத் திருப்பினார். துண்டு நேரானது. தலை சாய்ந்தது. திரையில் இருந்த தலையையும் எதிரே உட்கார்ந்திருந்த தலையையும் மாறி மாறிப் பார்த்தேன். அச்சு அசல் ஒரே சாய்வு.

"பதினொன்றரை டிகிரி," என்றார் மேடம். "இது பழைய போட்டோ இல்ல. இப்ப எடுத்தது. தலையத் திருப்பி நேராக்கியிருக்காங்க. தலை நேரானதும் துண்டு கோணலாயிடுச்சு. அத மட்டும் கவனிக்கல."

வடிவேல் திரையையே பார்த்தார். "அப்ப அது நான் நேரா இருந்தது இல்லியா?"

வழக்கில் பாதி முடிந்த சந்தோஷம் எனக்கு அந்த ஒரு கேள்வியில் போய்விட்டது.

"மேடம், இத அப்படியே அந்தம்மாகிட்ட சொல்லிடலாமே?"

"யாரு செஞ்சான்னு இல்லாம சொன்னா, நாம அவருக்காகக் கதை கட்டறோம்பாங்க. இன்னும் ரெண்டு விஷயம் பாரு. சட்டைக் காலரும் கழுத்தும் சேர்ற எடம் எவ்வளவு சுத்தமா இருக்கு. சாதாரணமா கடையில தலையத் திருப்பினா மூக்க நடுவா வெச்சுத் தலை மொத்தமும் சுத்தும், கழுத்து காலர விட்டு வெளிய வந்துடும். இவங்க கழுத்துக் குழியில அச்சு வெச்சுத் திருப்பியிருக்காங்க. பொறுமையான கை."

"பாசமான கைன்னு சொல்லுங்க," என்றேன். மேடம் முறைத்தார்.

"ரெண்டாவது, துண்டோட உச்சி மடிப்பு தெரியுது. மேலருந்து எடுத்த போட்டோ. தலையச் சுத்தலாம், வெட்டலாம், ஒட்டலாம். மாடியில நின்னு பாத்தத எதிர்ல நின்னு பாத்ததா மாத்த முடியாது."

"இப்பல்லாம் ஏஐ அதையும் மாத்துமே?"

"அதுகிட்டக் குடுத்திருந்தா துண்டையும் நேராக்கியிருக்கும். இது கையால செஞ்சது. கிளம்பு, அண்ணன் வண்டிக்கு எதிர்ல எந்த மாடின்னு பாக்கலாம்."

ஏர்போர்ட் ரோட்டில் வடிவேலின் வண்டிக்கு எதிரே ஒரே ஒரு மாடிதான் இருந்தது. அதில் ஒரே ஒரு ஜன்னல். 'மின்மினி டிஜிட்டல்' என்று பெயர்ப்பலகை. நாங்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஜன்னலில் ஓர் இளம்பெண் தலையை நீட்டினாள்.

"வடிவேல் அண்ணா! வந்துட்டீங்களா? ரெண்டு எளநீ, வழுக்கையா!"

"தீபலட்சுமி, நல்ல பொண்ணு மேடம்," என்றார் வடிவேல். "என் ஆதாரு ஜெராக்ஸ்கூட இங்கதான் எடுத்தேன்."

நான் மேடத்தைப் பார்த்தேன். ஆதாரில் பிறந்த நாள் இருக்கிறது. ஜன்னல் இருக்கிறது. கம்ப்யூட்டர் இருக்கிறது. வழுக்கை இளநீர் வேறு. அமுதவல்லி சொன்னது சரிதான், பாவம் அந்தப் பெண் என்று மனதுக்குள் தீர்ப்பே எழுதிவிட்டேன்.

"தலைய இடது பக்கம் லேசா சாச்சிக்க," என்றார் மேடம் படியேறும்போது. "வடிவேல் அளவுக்கு வேணாம், பாதி போதும். நிமித்தாத."

"எதுக்கு?"

"உனக்கு இன்னிக்குப் பொறந்த நாள்."

மாடியில் ஒரே அறை. தீபலட்சுமி கம்ப்யூட்டர் முன்னால் இருந்தாள். பின்பக்கம் நாற்பதைத் தாண்டிய ஒருவர் தரையில் குந்தி, ஃபிளக்ஸ் ஓரத்தை பிளேடால் அறுத்துக்கொண்டிருந்தார். கடை முதலாளி கோபிநாத்.

மேடம் எனக்காக ஒரு பிறந்தநாள் பேனர் கேட்டார். தீபலட்சுமி என்னைச் சுவரோரம் நிறுத்திப் போட்டோ எடுத்தாள். நான் மறக்காமல் சாய்ந்து நின்றேன். போட்டோ திரைக்கு வந்தது. என் தலையை வெட்டி ஒரு வெள்ளைச் சட்டையின் மேல் வைத்தாள்.

"அண்ணா, தலை கொஞ்சம் கோணலா இருக்கு. நேராக்கிடறேன்."

ஷிஃப்ட் பட்டனை அழுத்திக்கொண்டு மூலையைப் பிடித்து இழுத்தாள். என் தலை மூக்கை அச்சாக வைத்துப் பம்பரம் போலத் தாவியது. தாடை காலரை விட்டு வெளியே வந்து நின்றது. தூக்கில் தொங்கியவன் சிரிக்கிற மாதிரி இருந்தேன்.

"அட்ஜஸ்ட் ஆயிடும்ணா," என்று தலையைத் தூக்கிக் காலருக்குள் திணித்தாள்.

என் தீர்ப்பு அங்கேயே கிழிந்தது. அந்தப் பேனரைச் செய்த கை இது இல்லை. ஒன்றும் அறியாத ஒரு பெண்ணை, இளநீர் கேட்ட குற்றத்துக்காக, படியேறி வருவதற்குள் குற்றவாளி ஆக்கிவிட்டேனே என்று வெட்கமாக இருந்தது.

"தீபா, எந்திரி," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "அப்படித் திருப்பக் கூடாது."

கோபிநாத் பிளேடை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். என் முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. திரையில் மூக்கின் மேல் இருந்த சின்ன வட்டக் குறியை மவுஸால் பிடித்து, கழுத்துக் குழிக்கு இறக்கினார். மேலே இருந்த கட்டத்தில் ஓர் எண்ணை அடித்தார். தலை மட்டும் மெல்லத் திரும்பியது, கழுத்து காலருக்குள் அசையாமல் நின்றது. அவ்வளவு அழகான வேலை.

ஆனால் என் தலை நேராக இல்லை. இடது பக்கம் சாய்ந்திருந்த தலை, இப்போது வலது பக்கம் சாய்ந்து நின்றது.

"சார்," என்றார் மேடம் மெதுவாக, "அந்தக் கட்டத்துல என்ன அடிச்சீங்க?"

கோபிநாத் அப்போதுதான் பார்த்தார். பதினொன்றரை. அதை அழிக்கப் போன விரல் பாதியில் நின்றது.

"இவன் சாஞ்சது அதுல பாதிகூட இல்ல. நீங்க அளந்தும் பாக்கல. கையே அந்த நம்பர அடிக்குதுன்னா, எத்தன தடவ அடிச்சிருக்கீங்க?"

தீபலட்சுமி ஒன்றும் புரியாமல் எங்களைப் பார்த்தாள். கோபிநாத்தின் முகம் வெளுத்துவிட்டது.

"தெனமும்," என்றார்.

மேடம் நாற்காலியை இழுத்து அவர் எதிரே உட்கார்ந்தார். "வில்லியனூர் ரோட்ல இருந்த மூணு பேனர்ல எது உங்களுது?"

நான் வாயைப் பிளந்தேன். அது என் மூளைக்கு எட்டவே இல்லை. வடிவேலின் கழுத்தை நேராகப் பார்க்க யாருக்கு இவ்வளவு ஆசை இருக்கும்? அதை நிமிர்த்த முடியாத டாக்டருக்கு இருக்கலாம், கட்டின மனைவிக்கு இருக்கலாம். இல்லையென்றால் சாய்த்தவனுக்கு.

"நடுவுல இருந்தது," என்றார் கோபிநாத். "என் கடை தொறப்பு விழா பேனரு. சாரமும் நான்தான் போடச் சொன்னேன். கட்ட வந்த பையன் அம்மாவாச சொன்னான், பின்னால ஒதைகால் குடுத்துக் கம்பி போட்டுக் கட்டணும்ணே, காத்து காலம்னு. ஒரு நாள் கூத்துக்குக் கம்பி எதுக்குடா, கயிறே போதும்னேன்."

கைகளால் முகத்தை மூடிக்கொண்டார்.

"விழுந்ததும் ஓடினேன் மேடம். அவரு கீழ கெடந்தாரு. முழிச்சிக்கினுதான் இருந்தாரு. நான் அவரத் தூக்கல. பேனரத் தூக்கினேன். என் கடை பேரு அதுல இருந்துச்சு."

அப்புறம் அவர் பேசியது யாருக்காகவும் இல்லை, தனக்காகத்தான். பழைய பெயரை எடுத்துவிட்டு, வடிவேல் வண்டி போட்ட இடத்துக்கு எதிரே கடையை மாற்றிக்கொண்டார். கண் எதிரே இருந்தால் ஒரு நாள் தைரியம் வரும் என்று நினைத்தாராம். நாள்தோறும் ஜன்னலில் நின்று பார்ப்பார். இளநீர் வாங்கத் தீபலட்சுமியை அனுப்புவார். ஒரு முறைகூட இறங்கிப் போனதில்லை.

"ஒரு நாள் ஜன்னல்லருந்து போட்டோ எடுத்தேன். கடை சாத்தறதுக்கு முன்னாடி அதத் தொறப்பேன். கழுத்த நிமித்துவேன். கொஞ்ச நேரம் பாத்துட்டு, சேவ் பண்ணாம மூடிடுவேன். மறுநாள் தொறந்தா சாஞ்சுதான் இருக்கும். மறுபடி நிமித்துவேன். பொறந்த நாளைக்காவது ஊரு பாக்க அந்த மனுஷன் நேரா நிக்கட்டும்னுதான் பேனரு வெச்சேன். நல்லதுன்னுதான் நெனச்சேன் மேடம்."

"அந்த நல்லதால அவர் பொண்டாட்டி வீட்ட விட்டுப் போய்ட்டாங்க. நாளைக்கு அத்து விடப் போறாங்க."

கோபிநாத் தலையை நிமிர்த்தினார். அவருக்கு அது தெரியாது. "ஐயோ," என்றார்.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. வடிவேல் இளநீரோடு வந்துகொண்டிருந்தார். இங்கேயே வெட்டிக் கொடுக்கலாம் என்று அரிவாளையும் கையோடு கொண்டுவந்திருந்தார். துப்பறியும் தொழிலில் அரிவாளுக்கு முன்னால் போய் நிற்பது உதவியாளன் வேலை என்று எந்த மடையன் முடிவு செய்தான் என்று தெரியவில்லை. ஆனாலும் போய் நின்றேன்.

"நீங்களே சொல்லுங்க," என்றார் மேடம் கோபிநாத்திடம்.

கோபிநாத் சொன்னார். கயிற்றைச் சொன்னார், ஓடினதைச் சொன்னார், பேனரைச் சொன்னார். வடிவேலின் காலைத் தொடக் குனிந்தார். வடிவேல் ஓரடி பின்னால் போய்விட்டார். அரிவாளை மேஜை மேல் வைத்தார். இளநீர்களை ஒவ்வொன்றாக இறக்கி வைத்தார். அப்புறம்தான் பேசினார்.

"முழிச்சிக்கினு கெடந்தேன். ஒரு ஆளு ஓடி வந்தான். தூக்க வரான்னு கைய நீட்டினேன். அது நீதானா?"

கோபிநாத் அழுதார். தீபலட்சுமியும் அழுதுகொண்டிருந்தாள்.

"நீ சாச்சப்பக்கூட அவ என்ன விட்டுப் போவல," என்றார் வடிவேல். அவர் குரலில் கோபம்கூட இல்லை, அதுதான் கேட்கச் சகிக்கவில்லை. "மல்லாக்கப் படுக்க முடியாம கெடந்தேன். ராவெல்லாம் தலையப் பிடிச்சிக்கினு உக்காந்திருந்தா. அப்பல்லாம் போவல. நீ நிமித்தினதுக்கு அப்புறம்தான் போனா."

கோபிநாத் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"என்ன வேணும்னாலும் செய்யறேண்ணே," என்றார் கோபிநாத். "போலீசுக்கும் வரேன்."

"போலீசு மேடம் பாத்துப்பாங்க. மொதல்ல அவகிட்ட வந்து சொல்லு. போன்ல இல்ல. நேர்ல."

"கார் இருக்குண்ணே. கூட்டிக்கினு போறேன்."

"வேணாம். என் வண்டியில ஏறு."

வடிவேலின் டிவிஎஸ் எக்ஸ்எல் இளநீர் வண்டிக்குப் பக்கத்தில் நின்றது. அவர் உட்கார்ந்து கிளப்பினார். கோபிநாத் பின்னால் ஏறினார். மேடம் ஏற, நான் என் பைக்கில் அவர்களுக்குப் பின்னால் போனேன். இசிஆரில் வெயில் கொளுத்தியது, சாலை நேராகக் கனகசெட்டிக்குளம்வரை போகிறது. முன்னால் அந்தச் சின்ன வண்டியில், கோபிநாத்தின் முகத்துக்கு ஒரு சாண் எதிரே அந்தக் கழுத்து இருந்தது. கடல் தெரிந்த இடத்தில் ஒருமுறை கோபிநாத் முகத்தைத் திருப்பப் பார்த்தார். வடிவேல் திரும்பிப் பார்க்கவில்லை. கோபிநாத் மறுபடியும் முன்னால் திரும்பி, போய்ச் சேரும்வரை அந்தக் கழுத்தையே பார்த்துக்கொண்டு போனார்.